காரணம் எழுதாமல் உறுதியான தண்டனை: அடுத்து எந்தப் படியேறுவது?

மேல்முறையீடு டிஸ்மிஸ் ஆகிவிட்டது என்று வக்கீல் குமாஸ்தா போனில் சொல்கிறார். ஏன் என்று கேட்டால், "ஆர்டர் காப்பி வரட்டும்" என்கிறார். காப்பியும் வருகிறது. அரசுத் தரப்புக் கதை, சாட்சிகள் சொன்னது, இரு தரப்பு வாதம் என்று ஏழெட்டுப் பக்கம் ஓடுகிறது. கடைசியில், "கீழமை நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட முகாந்திரம் ஏதுமில்லை" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் குடும்பங்கள் பல இந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே போவதா, விட்டுவிடுவதா என்று தவிக்கின்றன. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டனையை உறுதிசெய்த நீதிமன்றம் காரணம் எழுதவில்லை என்பது நம் நாட்டில் மேலே போவதற்கான வலுவான காரணம். ஆனால் மேலே போய் என்ன கேட்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் போனால் அந்த வலு வீணாகிவிடும். வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்பதா, நீங்களே விசாரித்து விடுதலை செய்யுங்கள் என்று கேட்பதா? எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் கிடைக்கிறது.

முதல் வேலை, கையில் இருக்கும் தீர்ப்பு உண்மையிலேயே காரணம் இல்லாத தீர்ப்புதானா என்று பார்ப்பது. தீர்ப்பு சின்னதாக இருப்பது குற்றம் அல்ல. கீழ்க்கோர்ட்டின் முடிவோடு உடன்படும் நீதிமன்றம் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. நாம் எழுப்பிய கேள்விக்கு இரண்டு பத்தியில் நேராகப் பதில் சொல்லியிருந்தால் அது காரணம் உள்ள தீர்ப்புதான். நமக்குப் பிடிக்காத காரணமாக இருந்தாலும் அது காரணமே. நீளமாக இருந்தும் காரணம் இல்லாத தீர்ப்புதான் ஆபத்தானது. பக்கக் கணக்கைப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்று குடும்பம் நம்பிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. மேல்முறையீட்டு மனுவில் வக்கீல் எழுதிய ஆட்சேபணைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பை வாசித்துக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் நீதிபதி பதில் சொன்ன இடத்தில் பக்க எண்ணைக் குறியுங்கள். எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு, இப்படி வாதிட்டது என்று எழுதியிருப்பது பதில் ஆகாது. அந்த வாதம் ஏன் ஏற்கப்படவில்லை என்பதுதான் பதில். தாளில் எத்தனை இடம் காலியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வழக்கின் பலம். வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியதும் இந்தத் தாளைத்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மேலூரில் வேன் ஓட்டும் ஒருவர். நான்குவழிச் சாலையைக் கடந்தவர் மீது வண்டி மோதி அவர் இறந்துவிட்டார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் நடுவர் நீதிமன்றம் ஓராண்டு சிறை விதிக்கிறது. மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு. டிரைவர் தரப்பின் முக்கிய வாதம், சாட்சிகள் எல்லோரும் "வேகமாக வந்தான்" என்று மட்டும்தான் சொல்கிறார்கள், எந்த வகையில் கவனக்குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது. இது வெறும் சாக்குப்போக்கு அல்ல. அதிவேகம் என்று சொன்னால் மட்டும் கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது என்று 1998இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. செஷன்ஸ் தீர்ப்போ, "அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) முதல் அ.சா.4 வரையிலான சாட்சியம் நம்பத்தகுந்ததாக உள்ளது, தலையிட முகாந்திரமில்லை" என்று முடித்துவிடுகிறது. சாட்சி பொய் சொன்னார் என்று டிரைவர் வாதிடவே இல்லை. சாட்சி சொன்னது முழு உண்மையாகவே இருக்கட்டும், அது குற்றம் ஆகுமா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 393ஆம் பிரிவு, தீர்ப்பில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. செஷன்ஸ் கோர்ட்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் இந்த விதி பொருந்தும் என்கிறது 428ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த மேல்முறையீடு என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354, 387 பிரிவுகள். எண்தான் வேறு, விஷயம் ஒன்றே. மேல்முறையீட்டை ஆரம்பத்திலேயே, பதிவேடுகளை வரவழைக்காமல் தள்ளுபடி செய்ய 425ஆம் பிரிவு வழி தருகிறது. அதிலும்கூட, தள்ளுபடி செய்வது செஷன்ஸ் கோர்ட்டாக இருந்தால் காரணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்தை அதே வார்த்தைகளால் கட்டவில்லை. அதனால்தான் ஒரு காலத்தில் உயர் நீதிமன்றங்கள் "டிஸ்மிஸ்டு" என்ற ஒற்றைச் சொல்லில் கிரிமினல் அப்பீல்களை முடித்தன. 1953இல் முஷ்தாக் உசேன் வழக்கிலும், 1970இல் கோவிந்தா கதம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. வாதத்துக்கு இடமுள்ள கேள்வி இருக்கும்போது எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்வது சரியல்ல என்பது அப்போதே தீர்மானமான விஷயம். 2002இல் ராமா எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில், முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களைத் தானே மறுபடி எடைபோட வேண்டும், கீழ்க்கோர்ட் போட்ட எடையை வைத்து முடிக்கக்கூடாது என்று சொல்லி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிலைமை நேர்எதிர். அங்கே மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கிரிமினல் தண்டனைகளை ஒரு வரியில், விளக்கமே இல்லாமல் உறுதி செய்வது வழக்கமான நடைமுறை. 1980இல் அந்த மாநில அரசியலமைப்பில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விளக்கம் எழுதாத அந்த ஒருவரி உத்தரவை மாநில உச்ச நீதிமன்றம் பரிசீலிக்கவே முடியாது. மௌனமே அங்கு கதவை அடைத்துவிடுகிறது. எழுத்துப்பூர்வ விளக்கம் தாருங்கள் என்று அதே நீதிமன்றத்திடம் மனுப் போடலாம். நமக்கு மௌனம் கதவைத் திறக்கிறது. இந்த நல்வாய்ப்பைக் காலக்கெடு கடந்து இழப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். அதே கோர்ட்டில் மறுபடி கேட்கலாமே என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது அநேகமாக மூடிய வழி. கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர வேறெதையும் மாற்ற அந்த நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்கிறது பி.என்.எஸ்.எஸ். 403ஆம் பிரிவு. மறுஆய்வு மனு என்று இதற்காகப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வக்கீல் வராத நாளில் வழக்கு முடிக்கப்பட்டிருந்தால் அது தனிக் கதை. கிரிமினல் மேல்முறையீட்டை ஆள் வரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளுபடி செய்ய முடியாது, பதிவேடுகளைப் பார்த்துத் தகுதியின் அடிப்படையில்தான் முடிக்க வேண்டும் என்று 1996இல் பாணி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. உங்கள் உத்தரவில் "மேல்முறையீட்டாளர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை" என்ற வரி இருந்தால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள். மேலே போகும்போது அது முதல் ஆட்சேபணை ஆகும்.

செஷன்ஸ் கோர்ட் உறுதி செய்திருந்தால் சரியான வழி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு மனு. வக்கீல்கள் வாயில் 'கிரிமினல் ஆர்.சி.' 2004 ஜூலையில் ஒத்தக்கடை அருகே இந்தக் கிளை திறக்கப்படும்வரை, கன்னியாகுமரிக்காரர்கள்கூட இதற்காகச் சென்னைக்கு ரயிலேறினார்கள். கெடு 90 நாள். சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பித்து, அது தயாராகும்வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. நகலின் பின்புறத்தில் விண்ணப்பித்த தேதியும் தயாரான தேதியும் முத்திரையாக இருக்கும், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். காரணம் நியாயமாக இருந்தால் மனமிரங்குவார்கள்.

சீராய்வு என்பது இரண்டாவது மேல்முறையீடு அல்ல. உயர் நீதிமன்றம் சாட்சி சாட்சியாக மறுபடி எடைபோடாது. சட்டப்படி சரியா, முறையா என்றுதான் பார்க்கும். "இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன, நாங்கள் ஏன் தலையிட வேண்டும்" என்பதுதான் அங்கே எல்லோரும் சந்திக்கும் முதல் கேள்வி. காரணம் இல்லாத தீர்ப்பு இங்கேதான் கை கொடுக்கிறது. இரண்டாவது கோர்ட் எடைபோடவே இல்லை, ஆகவே இரண்டு கோர்ட்டின் ஒருமித்த முடிவு என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று சொல்ல முடிகிறது. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடவும் 438ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. ஆள் உள்ளே இருக்கிறார் என்றால் அந்த மனுவும் சீராய்வோடு சேர்ந்தே போக வேண்டும்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்வி. செஷன்ஸ் தீர்ப்பை ரத்து செய்து, மேல்முறையீட்டை மறுபடி கேட்கச் சொல்லி அங்கேயே திருப்பி அனுப்பக் கேட்பதா? அல்லது உயர் நீதிமன்றமே முடித்துவைக்கக் கேட்பதா?

திருப்பி அனுப்பக் கேட்பதில் பெரிய லாபம், இழந்த ஒரு படி திரும்பக் கிடைப்பதுதான். மேல்முறையீட்டில்தான் சாட்சியம் முழுவதையும் புதிதாகப் பார்க்க வைக்க முடியும். பிறழ்சாட்சி, முரண்பட்ட வாக்குமூலம், பார்வை மகஜரோடு (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு) ஒத்துவராத வரைபடம், தாமதமாகக் கோர்ட்டுக்குப் போன எப்.ஐ.ஆர். என்று உங்கள் பலம் தகவல்களில் இருந்தால், அந்த மேடை செஷன்ஸ் கோர்ட்தான். அங்கே மறுபடி தோற்றாலும் சீராய்வு என்ற படி மீதம் இருக்கும். நஷ்டம், காலம். மறுவிசாரணையும் அதன் வாய்தாக்களும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் போகலாம். அந்த நீதிபதியோ அவருக்குப் பின் வந்தவரோ அதே முடிவை இந்த முறை பதினைந்து பக்கத்தில் எழுதிவிடவும் கூடும். அப்படி எழுதிவிட்டால், கையில் இருந்த பலமான ஆட்சேபணை போய்விடும்.

உயர் நீதிமன்றமே முடிக்கக் கேட்டால் காலம் மிச்சம். ஆனால் தோற்றால் அதற்கு மேலே டெல்லி உச்ச நீதிமன்றம்தான். எனவே உங்கள் பலம் சட்டக் கேள்வியில் இருந்தால் மட்டும் இந்த வழி. நம் வேன் டிரைவர் வழக்கு அப்படிப்பட்டது. சாட்சிகள் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டாலும் குற்றம் நிரூபணமாகவில்லை என்பது அவர் வாதம். அதைத் தீர்க்க சாட்சியத்தை மறுஎடை போட வேண்டியதில்லை. அவரை மறுபடி செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவது வீண் அலைச்சல். உயர் நீதிமன்றமே விடுதலை செய்யட்டும் என்று கேட்க வேண்டும். அது முடியாவிட்டால் தண்டனையைக் குறைக்கவும், அதுவும் இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் மாற்றுக் கோரிக்கைகளாகச் சேர்க்கலாம். தண்டனைக் குறைப்பு மட்டுமே நோக்கம் என்றாலும் உயர் நீதிமன்றமே முடிப்பதுதான் நல்லது.

மாற்றுக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் மனுவில் எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். எழுத வேண்டும்தான். ஆனால் வாதத்தின் அன்று வக்கீல் எதை முன்னால் வைக்கிறாரோ அந்தத் திசையில்தான் வழக்கு போகும். அதைக் குடும்பம் முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஆள் வெளியே வந்துவிட்டால், திருப்பி அனுப்புவதால் ஆகும் தாமதம் அவ்வளவு வலிக்காது. அவர் அரசரடி மத்திய சிறையிலேயே இருக்கிறார் என்றால், தகவல் பலமுள்ள வழக்கில்கூட நான் நேரடி முடிவைத்தான் சிபாரிசு செய்வேன். ஓராண்டு தண்டனை பெற்றவர் அந்த ஓராண்டையும் உள்ளேயே கழித்துவிட்ட பிறகு வரும் நல்ல தீர்ப்பால் அவருக்குப் பெரிய பயன் இல்லை.

செக் மோசடி வழக்குகளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே எந்தக் கட்டத்திலும் சமாதானமாகப் போகலாம், மேல் நீதிமன்றத்துக்குப் போகப் போகச் சமாதானத்துக்காகக் கட்ட வேண்டிய செலவுத்தொகை கூடும். காரணம் எழுதாத தீர்ப்பைக் காட்டிப் பேச்சுவார்த்தையில் நல்ல நிலைக்கு வர முடியுமானால், ஆண்டுக்கணக்கான சீராய்வைவிட அது மேல்.

கொலை, போக்சோ, பெரிய அளவு கஞ்சா போன்ற வழக்குகளில் விசாரணையே செஷன்ஸ் அல்லது சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும். முதல் மேல்முறையீடு மதுரைக் கிளைக்கு வரும். அங்கே காரணமின்றித் தண்டனை உறுதியானால் மிச்சம் இருப்பது அரசியலமைப்பின் 136ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு மட்டுமே. பொதுவாகக் கெடு 90 நாள், மரண தண்டனை என்றால் 60. கீழ்க்கோர்ட் விடுதலை செய்த ஒருவரை உயர் நீதிமன்றம் மாற்றிக் குற்றவாளியாக்கி, பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரணமோ விதித்திருந்தால் அவருக்கு அனுமதி கேட்காமலேயே அப்பீல் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு அது உரிமை அல்ல. சிறைத் தண்டனை பெற்றவர் சரணடைந்திருக்க வேண்டும் அல்லது விலக்குப் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனு பட்டியலுக்கே வராது.

டெல்லியில் கேட்க வேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருப்பி அனுப்பக் கேளுங்கள். சாட்சியத்தைப் புதிதாக எடைபோட உச்ச நீதிமன்றம் லேசில் முன்வராது. ஆனால் உயர் நீதிமன்றம் தன் கடமையைச் செய்யவில்லை என்று காட்டினால் ராமா வழக்கு போலத் திருப்பி அனுப்ப இடமுண்டு. கேட்பது சின்னதாக இருக்கும்போது கிடைப்பதும் எளிது. மேலே சொன்ன அந்தத் தாள், ஆட்சேபணைகளும் காலி இடங்களும் கொண்ட தாள், மனுவின் முதல் பக்கங்களிலேயே அட்டவணையாக வர வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துபோகும் விசாரணையில் நீதிபதியின் கண்ணில் படக்கூடியது அதுதான்.

அங்கேயும் ஒருவரியில் தள்ளுபடி ஆகலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அப்போது ஊரில், "சுப்ரீம் கோர்ட்டே கன்பார்ம் பண்ணிடுச்சு" என்று பேச்சு வரும். சட்டப்படி அது சரியல்ல. காரணம் சொல்லாமல் அனுமதியை மறுப்பது கீழே உள்ள தீர்ப்பு சரியென்று சொல்வதாகாது, அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்போடு இணைந்தும் விடாது என்று 2000இல் குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. ஒரே வழக்கில் உடன் தண்டனை பெற்ற இன்னொருவர் பின்னால் போய் வெல்லலாம். 2023இல் ஜாவேத் சௌகத் அலி குரேஷி வழக்கில், அதே சாட்சியத்தின் மீது தண்டனை பெற்று, மனு ஏற்கெனவே காரணமின்றித் தள்ளுபடியான உடன் எதிரிக்கும் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விடுதலையை நீட்டித்தது. ஆகவே உடன் எதிரிகளின் வழக்கு எண்களைக் குடும்பங்கள் விடாமல் கவனித்து வர வேண்டும். அவர்களோடு ஊரில் பேச்சுவார்த்தை அறுந்திருந்தாலும், இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த வழக்குக்கு உரிய, எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் நிலவரம் தெரியும்.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதை இழிவாகப் பார்க்க வேண்டாம். தண்டனையில் பெரும்பகுதி விசாரணைக் காலத்திலேயே கழிந்திருந்தால், அந்த நாட்கள் பி.என்.எஸ்.எஸ். 468ஆம் பிரிவில் கழிக்கப்படும். மிச்சம் சில வாரம்தான் என்றால், கடன் வாங்கி டெல்லிக்குப் போவதைவிட முடித்துவிட்டு வருவது குடும்பத்துக்கு நல்லது. அரசு வேலை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவற்றைக் குற்றத்தீர்ப்பு பாதிக்கும் என்றால் மட்டும் சிறை முடிந்த பிறகும் போராடத் தேவை உண்டு.

பணம் இல்லை என்பதற்காக யாரும் விட்டுவிடக் கூடாது. சிறையில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் உயர் நீதிமன்றக் கிளை வளாகத்திலும் இதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். தீர்ப்பின் தமிழ் மொழிபெயர்ப்பை முடிந்தவரை தர வேண்டும் என்பதும் பி.என்.எஸ்.எஸ். 404ஆம் பிரிவில் இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இவ்வளவுதான். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். மேல்முறையீட்டு மனுவின் நகலைப் பழைய வக்கீலிடம் இருந்து வாங்குங்கள், கட்டணப் பாக்கி இருந்தாலும் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தத் தாளை எழுதுங்கள். புதிய வக்கீலைப் பார்க்கப் போகும்போது, "ஜெயிக்குமா சார்?" என்று கேட்பதற்கு முன்னால், "திருப்பி அனுப்பக் கேட்கப் போகிறீர்களா, இங்கேயே முடிக்கக் கேட்கப் போகிறீர்களா, ஏன்?" என்று கேளுங்கள்.